நாற்பது செல், ஒரு பேட்டரி: சைக்கிளுக்கு நாமே பேக் கட்டினால் உள்ளே என்ன நடக்கிறது?

பழைய சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். கடையில் பேட்டரிக்குச் சொல்கிற விலை இது, உள்ளே இருக்கிற செல் ஒன்றின் விலை இது, எண்ணிக்கையால் பெருக்கினால் ரொம்பக் குறைவாக வருகிறதே, அப்புறம் எதற்கு வெளியே வாங்க வேண்டும், நாமே கட்டிவிட்டால் என்ன?

நியாயமான கேள்விதான், நானும் அப்படித்தான் இதில் இறங்கினேன். ஆனால் யாரிடம் கேட்டாலும் இரண்டே வகைப் பதில்தான் கிடைக்கிறது. "செல்லை அடுக்கு, பட்டையை ஒட்டு, பிஎம்எஸ் (பேட்டரியைக் காவல் காக்கும் சர்க்யூட் பலகை) மாட்டு, வேலை முடிஞ்சுது" என்பது ஒன்று. "தொடாதே, வெடிக்கும்" என்பது இன்னொன்று. ஏன் என்பதை இரண்டு தரப்பும் சொல்வதில்லை. மல்டிமீட்டரில் சரியான வோல்ட் காட்டினால் பேட்டரி சரியாகிவிட்டது என்ற நினைப்புதான் இதில் பெரிய தவறு. நாற்பது தனித்தனிச் செல்களை ஒரே பொருள்போல நடந்துகொள்ள வைப்பதுதான் வேலையே; மீட்டரில் வரும் எண் அதில் ஒரு சின்னப் பகுதி.

உதாரணத்துக்கு 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டாரை, அதாவது சக்கரத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கும் மோட்டாரை எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உள்ளே இருந்தால்தான் பதிவு எண், லைசென்ஸ் தொல்லை இல்லை என்பதால் பலரும் வாங்குவது இதைத்தான்.

மொட்டை மாடித் தொட்டி

மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கீழே குழாயில் தண்ணீர் அடிக்கும். அந்த உயரம்தான் வோல்ட். இந்த நொடியில் குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பது ஆம்பியர்-மணி. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது இந்த நொடியில் கிடைக்கும் சக்தி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி, அதாவது பேட்டரிக்குள் மொத்தமாகச் சேமித்து வைத்திருப்பது.

எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கடைசி எண். 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி, 24 வோல்ட் 15 ஆம்பியர்-மணி என்றாலும் அதே 360தான். அதனால் "எத்தனை ஏஎச்?", அதாவது எத்தனை ஆம்பியர்-மணி என்று மட்டும் கேட்பது அரைக்கேள்வி. சமதளத்தில் கொஞ்சம் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். மிதிக்காமல் முறுக்கிக்கொண்டே போனால் இன்னும் அதிகம். ஆக 360 வாட்-மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதே அளவு பேட்டரிக்கு யாராவது எண்பது என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு இடத்தில் பலரும் சறுக்குவார்கள். முதலாவது, 250 வாட் மோட்டார் 250 வாட்தான் இழுக்கும் என்பது. அந்த எண் மோட்டார் சூடேறாமல் தொடர்ந்து செய்யக்கூடிய வேலையின் அளவு. பேட்டரியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இழுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கண்ட்ரோலர், அதாவது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தை அளந்துவிடும் பெட்டி. அதில் 15 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் மேடு ஏறும்போது 36 × 15, அதாவது 540 வாட் வரை போகும். பேக்கை, அதாவது செல்களைச் சேர்த்துக் கட்டும் பேட்டரியை, இந்த எண்ணுக்குத்தான் கட்ட வேண்டும்.

இரண்டாவது, 36 வோல்ட் என்பது ஒரு செல்லப்பெயர் மாதிரி. தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க அழுத்தமும் குறைவதுபோல, நிறைந்த லித்தியம் செல் 4.2 வோல்ட், பாதியில் 3.6 வாக்கில், தீர்ந்துவிட்டது என்று நிறுத்தும்போது 3 வோல்ட் பக்கம் இருக்கும். அப்படிப் பத்துச் செல் சேர்ந்தால் 42-இல் தொடங்கி 30-இல் முடியும், நடுவில் 36.

இதுவரை: உயரம் வோல்ட், ஓட்டம் ஆம்பியர், மொத்த இருப்பு வாட்-மணி. எவ்வளவு இழுக்கும் என்று பார்க்க மோட்டாரின் மேல் இருக்கும் எண்ணை விட்டுவிட்டுக் கண்ட்ரோலரில் இருப்பதைப் பாருங்கள்.

கிணற்றுக் கயிறு

கிணறு ஆழம், கையில் இருப்பதோ துண்டுக் கயிறுகள். ஒன்றின் நுனியில் இன்னொன்றை முடிந்தால் நீளம் கூடும், ஆனால் பலம் கூடாது. எந்தத் துண்டு நைந்திருக்கிறதோ அதன் பலம்தான் மொத்தக் கயிற்றின் பலம். நான்கு துண்டுகளைச் சேர்த்து முறுக்கினால் பலம் கூடும், நீளம் அப்படியேதான் இருக்கும்.

செல்லிலும் இதே கதை. ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு சேர்ப்பது தொடர் இணைப்பு. இதில் வோல்ட் கூடும். பாசிட்டிவ்களையெல்லாம் ஒன்றாகவும் நெகட்டிவ்களையெல்லாம் ஒன்றாகவும் சேர்ப்பது பக்க இணைப்பு. இதில் ஆம்பியர்-மணி கூடும். பேட்டரிக்காரர்கள் "10எஸ் 4பி" என்று சொல்வது, நான்கு நான்காக முறுக்கி ஒரு தடித்த துண்டு செய்து, அப்படிப் பத்துத் துண்டுகளை முடிந்த கயிறு. மொத்தம் நாற்பது செல். செல் ஒன்று 2.6 ஆம்பியர்-மணி என்றால் பேக் 10.4 ஆம்பியர்-மணி, சுமார் 375 வாட்-மணி.

சரி, நைந்த துண்டு என்ன செய்யும்? பத்துத் தொகுதிகளில் ஒன்று மட்டும் மற்றதைவிடக் கொள்ளளவு குறைந்தது என்று வையுங்கள். ஓட்டும்போது முதலில் தீர்வது அது. மற்ற ஒன்பதில் இன்னும் இருக்கும், ஆனால் மின்சாரம் எல்லாவற்றின் வழியாகவும்தானே போயாக வேண்டும், அதனால் அங்கேயே வண்டி நின்றுவிடும். சார்ஜ் போடும்போதும் முதலில் நிறைவது அதே தொகுதிதான், மற்றவை நிறையும் முன்னே அது விளிம்புக்குப் போய்விடும். ஆக இரண்டு பக்கமும் அடி வாங்கி அது இன்னும் சீக்கிரம் நைகிறது. வீட்டில் கட்டிய பேக்குகள் ஒரே வருடத்தில் படுத்துவிடுவதற்கு இதுவும் பெரிய காரணம்.

பக்க இணைப்பில் வேறு மாதிரி ஆபத்து. 4.1 வோல்ட்டில் இருக்கும் செல்லையும் 3.6-இல் இருக்கும் செல்லையும் நேராகச் சேர்த்தால் ஒன்று மற்றதற்குள் பாயும். செல்லுக்குள் இருக்கும் தடை ரொம்பச் சின்னது, நாற்பது மில்லி ஓம் என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து எண்பது. அரை வோல்ட்டை அதால் வகுத்தால் ஆறு ஆம்பியருக்கு மேல், அந்தச் செல் தாங்கும் சார்ஜிங் அளவைவிட அதிகம். அதனால்தான் சேர்ப்பதற்கு முன் எல்லாச் செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சலிப்பான வேலை. நாற்பதையும் ஒன்றொன்றாக அளந்து மார்க்கரில் எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இதுவரை: தொடரில் சேர்த்தால் வோல்ட், பக்கத்தில் சேர்த்தால் கொள்ளளவு. நலிந்த ஒரு தொகுதிதான் மொத்தப் பேக்கின் அளவு.

செல் என்ற அந்தச் சின்ன உருளை

18650 என்பது மாடல் பெயர்போலத் தெரிந்தாலும் வெறும் அளவுதான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், கடைசி பூஜ்யம் உருளை என்பதற்கு. அதனால் 18650 என்று கேட்டு வாங்குவது, கால் அளவு மட்டும் சொல்லிச் செருப்பு வாங்குவது போல. உள்ளே என்ன ரசாயனம், எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பது தனி. சாம்சங்கின் 35ஈ செல் 3500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும், ஆனால் தொடர்ந்து 8 ஆம்பியர்தான் தரும். அவர்களுடைய 25ஆர் கொள்வது 2500தான், ஆனால் 20 ஆம்பியர் தரும். சைக்கிளில் 15 ஆம்பியரை நான்கு செல் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு ஆம்பியருக்கும் கீழேதான், இரண்டுமே தாங்கும்.

நல்ல நிறுவனச் செல்கள் இந்த அளவில் 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. மேலே 9900 என்று அச்சடித்திருந்தால் அது அச்சுக்காரரின் தாராள மனசு.

பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்லின் மேல் நுனியில் இருக்கும் சின்னக் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றியுள்ள விளிம்பு, பக்கவாட்டு, அடி, எல்லாமே நெகட்டிவ். குமிழுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஓரிரு மில்லிமீட்டர்தான், விளிம்பை மூடியிருப்பது காகிதம்போல மெல்லிய பிளாஸ்டிக் உறை. செல்களை இணைக்க மேலே ஓடும் உலோகப் பட்டை அந்த உறையை உரசி உரசித் தேய்த்துவிட்டால் செல் தனக்குத் தானே ஷார்ட் ஆகும், நடுவில் எந்தக் காவலும் கிடையாது. அதற்காகத்தான் வளைய வடிவில் தடித்த காகித வாஷர் ஒட்டுவது. வாங்கும் சாமான்களிலேயே விலை குறைந்தது அதுதான், விட்டுவிடுவதும் அதைத்தான்.

பழைய லேப்டாப் செல் பற்றியும் கேட்பார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் சுற்றுகிறவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. டார்ச்சுக்கு, பவர் பேங்குக்குப் பரவாயில்லை. சைக்கிளுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொன்றும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்து வந்தவை, நாற்பதையும் ஒத்துப்போக வைப்பது கடினம். அதைவிட முக்கியம், ரொம்ப நாள் கிடந்து இரண்டு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிய செல்லில் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றினால் அந்தச் செப்பு வேண்டாத இடத்தில் போய்ப் படிந்து உள்ளுக்குள்ளேயே பாலம் போடும். "செத்த செல்லை உயிர்ப்பித்தேன்" என்று யாராவது பெருமைப்பட்டால் அதைச் சமையலறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

பட்டையும் வெல்டிங்கும்

சாலிடரிங் அயர்ன் இருக்கிறதே, அதிலேயே ஒட்டிவிடலாமே என்று தோன்றும். செல்லின் உள்ளே இரண்டு தகடுகளைப் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம், மூடியைச் சுற்றி இருப்பதும் பிளாஸ்டிக் அடைப்புதான். பல நொடிகள் அயர்னை வைத்து அழுத்தினால் சூடு உள்ளே இறங்கி இரண்டையும் கெடுக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்பாட் வெல்டிங் என்பது சில மில்லிசெகண்டுக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு புள்ளியில் பாய்ச்சி, சூடு பரவும் முன்னே உலோகத்தை உருக்கி ஒட்டிவிடுவது.

பட்டை நிக்கலாக இருக்க வேண்டும். நிக்கல் பூசிய இரும்பும் அதே பளபளப்போடு கிடைக்கிறது, ஆனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடை, போதாக்குறைக்குத் துருவும் பிடிக்கும். ஒரு துண்டை அரத்தால் உரசி உப்புத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள், காலையில் பழுப்பாகியிருந்தால் இரும்பு.

தடை, தடை என்கிறேனே, அது ஏன் முக்கியம்? பத்துத் தொகுதிக்கும் சேர்த்துச் செல்களின் தடை மட்டுமே 0.1 ஓம் என்று வையுங்கள். 15 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட் உள்ளேயே காணாமல் போகும். மேட்டில் வண்டி சோர்வதற்கு இதுவும் காரணம். அதோடு 22 வாட் சூடு பெட்டிக்குள் பிறக்கும். நாற்பது செல்லிலும் பரவினால் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு மோசமான வெல்டில் அதில் கால்வாசி குவிந்தாலும் அந்த இடம் சாலிடரிங் அயர்ன் நுனி மாதிரிதான்.

வேலையில் உட்காரும் முன் மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிஎம்எஸ் காவலாளிதான், மருத்துவர் இல்லை

பிஎம்எஸ் என்பது ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் சின்னச் சர்க்யூட் பலகை. ஏதாவது தொகுதி 4.2-ஐத் தாண்டினால் சார்ஜை வெட்டும், ரொம்ப இறங்கினால் ஓட்டத்தை வெட்டும், அளவுக்கு மேல் ஆம்பியர் போனாலும் வெட்டும். அந்தக் கால ஈய பேட்டரியில் கொஞ்சம் அதிகமாகச் சார்ஜ் ஆனால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து குறையும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிச் சமாளிப்போம். லித்தியத்தில் அந்தச் சலுகை இல்லை, அதனால்தான் இந்தக் காவல்.

ஆனால் "பிஎம்எஸ் இருக்கு, பாத்துக்கும்" என்று விட்டுவிடுகிறார்களே, அங்கேதான் பிரச்சினை. அது பார்ப்பது தொகுதியை, தனிச் செல்லை இல்லை. நான்கில் ஒன்று கழன்றுபோனால்கூட மீதி மூன்றும் சேர்ந்து சரியான வோல்ட்டையே காட்டும். வெப்ப உணரி பல பலகைகளில் ஒன்றே ஒன்றுதான், மறுகோடியில் இருக்கும் செல் சுடுவது அதற்குத் தெரியாது. "பேலன்ஸ்" செய்யும், அதாவது முந்திக்கொண்டு நிறைந்த தொகுதியிலிருந்து கொஞ்சம் கசியவிட்டு மற்றவற்றோடு சமப்படுத்தும் என்பது உண்மை. எவ்வளவு? பெரும்பாலும் ஐம்பது மில்லி ஆம்பியர் வாக்கில். அரை ஆம்பியர்-மணி வித்தியாசத்தைச் சரிசெய்யப் பத்து மணி நேரம். நல்ல பேக்கை நல்லதாகவே வைத்திருக்க அது போதும், மோசமாகக் கட்டியதைத் திருத்த உதவாது.

இன்னொன்று, பிஎம்எஸ்ஸில் சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட்கள் கெட்டுப்போனால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும், அதாவது மின்சாரம் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும். அதனால் தனியாக ஒரு ஃபியூஸ், நேர்மின்சாரத்துக்கென்றே செய்தது, பாசிட்டிவ் வயரில் பேக்கை ஒட்டியே இருக்க வேண்டும். 15 ஆம்பியர் கண்ட்ரோலருக்கு 20 போதும். வீட்டு மெயின் போர்டில் போடுவதைக் கொண்டுவந்து மாட்டாதீர்கள்.

இதுவரை: செல்களைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுப்பது உங்கள் வேலை, நல்ல வெல்டிங்கும் உங்கள் வேலை. பிஎம்எஸ் வாசலில் நிற்கும் ஆள் மட்டும்.

தீ எப்படிப் பிடிக்கிறது

செல்லுக்குள் எங்காவது ஷார்ட் ஆனால் அந்த இடம் சுடும். ஒரு அளவுக்கு மேல் சூடானால் உள்ளே இருக்கும் ரசாயனங்கள் சிதைந்து, சிதையும்போது இன்னும் சூட்டைக் கொடுக்கும். அந்தச் சூடு மேலும் சிதைக்கும். இந்தச் சங்கிலிக்கு வெப்ப ஓட்டம் என்று பெயர். சாதாரண லித்தியம் செல்லின் பாசிட்டிவ் தகடு சிதையும்போது ஆக்சிஜனும் வெளிவருவதால் மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே நடப்பது நிற்காது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதுதான் பக்கத்துச் செல்களுக்குப் பரவாமல் தடுக்கும் வழி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற இன்னொரு வகையில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் இது நடக்க அதிகச் சூடு வேண்டும், நடந்தாலும் வேகம் குறைவு. எடை கூடுதல்தான், ஆனாலும் முதல் பேக் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். அதில் போல்ட் போட்டு முடுக்கும் பெரிய செல்கள் கிடைக்கின்றன, வெல்டிங்கே தேவையில்லை. செல் ஒன்று 3.2 வோல்ட்தான் என்பதால் எண்ணிக்கையும் சார்ஜரும் மாறும், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அது தொழிற்சாலையில் செய்த வண்டி. நாம் வீட்டில் கட்டுவதை எங்கே வைத்துச் சார்ஜ் செய்கிறோம் என்பதை அதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்: வெளியே ஓடும் வழியில் வேண்டாம், மாடிப்படிக்குக் கீழே வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம்.

சைக்கிளில் மாட்டுவது

எல்லோரும் கடைசியில் அவசரமாகச் செய்வது இதைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். பேக்கைத் தகரப் பெட்டியில் வைத்து, பின் கேரியரில் கட்டி, ஐந்து மாதம் ஓட்டினேன். மெல்ல மெல்லத் தூரம் குறைந்தது. செல் வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் ஒரு பட்டை வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டு, நான்கு பேர் தூக்க வேண்டிய பாரத்தை மூன்று பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பிஎம்எஸ் மூச்சுக்கூட விடவில்லை.

கேரியர் பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது, வேகத்தடையில் சக்கரம் குதிக்கிற குதி முழுவதும் அங்கே வந்து சேரும். பார் வைத்த சைக்கிளின் முக்கோணத்துக்குள், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வைத்தால் அதில் பாதிதான் வரும். எடையும் தாழ்வாக இருப்பதால் திரும்பும்போது வண்டி இழுக்காது. நாற்பது செல்லே இரண்டு கிலோ பக்கம், பெட்டியோடு சேர்த்தால் இரண்டரைக்கு மேல். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் என்றால் வேறு வழியில்லை, கேரியர்தான். அப்போது அடியில் மெத்தை நன்றாக இருக்க வேண்டும்.

மெத்தை எங்கே என்பதில் ஒரு குழப்பம் உண்டு. பெட்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் தடித்த ஃபோம் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டினால் பெட்டி முழுக்க ஊஞ்சல் ஆடும், பெல்ட் தளரும். பெட்டி சைக்கிளோடு ஒன்றிப்போய் அசையாமல் இருக்க வேண்டும், மெத்தை பெட்டிக்கு உள்ளே பேக்கைச் சுற்றி இருக்க வேண்டும். செல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் பிளாஸ்டிக் ஹோல்டரில் உட்கார வேண்டும். எந்தச் செல்லின் எடையும் பட்டையில் தொங்கக் கூடாது. பட்டை மின்சாரத்துக்கு, தாங்குவதற்கு இல்லை.

புது மாடல் சைக்கிள்களில் தண்ணீர் பாட்டில் மாட்ட இரண்டு திருகு ஓட்டைகள் இருக்கும், 64 மி.மீ. இடைவெளியில். அவை பாட்டிலின் எடையை நினைத்து வைத்தவை. அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்பாமல் கூடவே குழாயைச் சுற்றி இரண்டு கிளாம்ப் போடுங்கள். பழைய சைக்கிளில் அந்த ஓட்டையே கிடையாது, கிளாம்ப்தான். நான் இப்போது வைத்திருப்பது நீளமான அலுமினியப் பட்டை, அதை ஃபிரேம் குழாயோடு மூன்று ஸ்டீல் கிளாம்ப் பிடித்திருக்கிறது, நடுவில் பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். ரப்பர் வழுக்காது, பெயின்டும் உரியாது. நட்டுகள் நைலான் வளையம் வைத்தவை, சாதா நட்டு நம்மூர் ரோட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஃபிரேமில் புதிதாக ஓட்டை போடாதீர்கள், மெல்லிய குழாய் அங்கிருந்துதான் விரிசல் விடும்.

வயர் பெட்டியின் அடியிலிருந்து வெளியே வரட்டும், வந்ததும் கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறட்டும்; மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இடுக்குகளை அடைக்கச் சிலிகான் வாங்கினால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அமிலம் விடும் வகை, நிக்கலையும் செப்பையும் அரிக்கும்.

முதல் சில வாரங்கள்

42 வோல்ட் சார்ஜர்தானா என்று இரண்டு முறை பாருங்கள், 48 வோல்ட் பேக்குக்கான சார்ஜரிலும் பல சமயம் இதே பின்தான் இருக்கும். முதல் சார்ஜை முற்றத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்து போடுங்கள். வெயிலில் நின்ற வண்டியை உடனே சார்ஜில் போட வேண்டாம், பெரும்பாலான செல்களுக்குச் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் எல்லை, சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

அப்புறம், பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்களில் மீட்டரை வைத்துப் பத்துத் தொகுதியின் வோல்ட்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள், நிறையச் சார்ஜ் ஆனபோது ஒரு தடவை, நன்றாக ஓட்டி இறக்கியபோது ஒரு தடவை. என் பேக்கில் ஏழாவது தொகுதி கட்டிய நாளிலிருந்தே இறங்கும்போது மற்றதைவிட 0.02 வோல்ட் கீழே நிற்கிறது. அந்த எண் இன்னும் வளரவில்லை, அதனால் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 0.1-ஐத் தொட்டால் பிரித்துப் பார்ப்பேன்.